ஆச்சியின் கைக்காப்பு ஏன் கழல்கிறது?

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் படகிலே ஒருமுறையேனும் பயணஞ் செய்தவர்கள் பின்வரும் காட்சியைக் கண்டிருப்பார்கள். பல ஆண்டுகளின் பின்பு ஊர் திரும்பும் ஒரு மகன் கனத்த பெட்டிகளை முழங்காலருகே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். பெட்டிக்குள்ளே சத்துமாத் தகரங்கள், விற்றமின் குளிசைகள், கம்பளிச் சட்டை, காலுக்கு மெத்தென்ற செருப்பு ஆகியன உள்ளன. எல்லாம் தாய்க்கு. ஒரு மணி நேரம் கடலில் ஆடி அசைந்து கரை சேர்ந்து, முருகைக்கல் வேலிகளுக்கு இடையே நடந்து, வீட்டுப் படலையைத் திறக்கிறான். ஓடி வந்து கட்டியணைத்த தாயின் கையைப் பற்றும்போதுதான் அவன் மனம் துணுக்குறுகிறது. மணிக்கட்டில் இருக்க வேண்டிய காப்பு முழங்கை வரை ஏறி இறங்குகிறது!

“என்னம்மா, இப்பிடி மெலிஞ்சு போனியள்?”

“வயசு போனால் மெலியத்தானே வேணும், ராசா.”

இந்த மகனும் தாயும் நமது கற்பனைப் பாத்திரங்களே. ஆயினும் இந்தக் கேள்வியும் விடையும் தீவகத்தின் எந்த ஊரிலும் கேட்கக் கூடியவை. ஊர்காவற்றுறையிலே, வேலணையிலே, புங்குடுதீவிலே, நயினாதீவிலே, அனலைதீவிலே, ஏன், யாழ்ப்பாண நகரிலேயுந்தான் ஒவ்வொரு நாளும் இந்த விடை சொல்லப்படுகிறது. கேட்டவரும் ‘ஆம், அது இயற்கைதானே’ என்று அமைதி அடைகிறார். வயது போனால் மெலியத்தான் வேண்டுமா? இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

மூப்பு வேறு, மெலிவு வேறு

நமது நாட்டில் 1946ஆம் ஆண்டில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 43 ஆண்டுகளாகவே இருந்தது. இன்று அது 75 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை அடைந்தவர்கள். ஆகவே முதுமை என்பது ஓரிருவர்க்கு வாய்க்கும் பேறு என்ற நிலை மாறி, ஒவ்வொரு வீட்டிலும் காணும் நிலையாகிவிட்டது. ஆயினும் முதியவருடைய உடலைப் பற்றிய நமது எண்ணம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

முதுமையில் உடல் நிறை சற்றுக் குறைவது உண்மையே. ஆனால் எவ்வளவு? நோய்நொடியற்ற ஒருவர் 70 வயதின் பின்பு இழக்கும் நிறை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 200 கிராம் வரையே என்று வைத்திய நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். அஃதாவது பத்து ஆண்டுகள் சென்றாலும் இரண்டு கிலோகிராமுக்கு மேற் குறைவதற்கு இயற்கை மட்டும் காரணமாகாது. ஆறு மாதத்திற் காப்புக் கழன்று விழும் அளவுக்கு மெலிந்தால், அந்தப் பழியை வயதின் தலையிற் சுமத்துவது பிழை. அங்கே வேறொரு காரணம் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிக் காண்பது நமது கடமை.

உலகின் பல பாகங்களையும் சேர்ந்த போஷாக்கு நிபுணர்கள் ஒன்றுகூடி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல் இவ்விடயத்தில் நமக்கு உதவுகிறது. ஒருவர் தாமாக விரும்பி முயலாமல், ஆறு மாதத்துக்குள் தமது நிறையில் 5 வீதத்துக்கு மேல் இழந்தால் அது போஷாக்குக் குறைவின் அறிகுறி என்கிறது அது. 50 கிலோ நிறையுள்ள ஆச்சிக்கு 5 வீதம் என்பது இரண்டரைக் கிலோ. பார்வைக்கு அது பெரிதாகத் தோன்றாது. காப்பும் மோதிரமும் முதலிற் சொல்லும். பின்பு சட்டை தொளதொளக்கும். பொய்ப்பல் முரசிற் பொருந்தாமல் அசையும். கண் காணும் முன்பே இவை கண்டுவிடும்.

குறைவது எது?

‘கொழுப்புத்தானே கரைகிறது, நல்லதுதானே’ என்று சிலர் எண்ணுவர். முதுமையில் நிறை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை. தசையும் கூடவே கரைகிறது. எழுந்து நிற்பதற்கும், படியேறுவதற்கும், கிணற்றில் நீர் அள்ளுவதற்கும், இருமிச் சளியை வெளியேற்றுவதற்குங்கூடத் தசையே வேண்டும். மூப்பிலே தசை கரையும் இந்நிலைக்கு ‘சார்க்கோபீனியா’ என்று 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க் பெயரிட்டார். தசையின் வறுமை என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள்.

தசை எவ்வளவு விரைவிற் கரையும் என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நல்ல சுகதேகிகளான முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் கட்டிலிலேயே படுத்திருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாட்களுக்குள் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நோயே இல்லாதவர்க்கு இந்தக் கதி என்றால், காய்ச்சலிற் படுத்து வாய்க்கு உணவும் பிடிக்காமற் கிடக்கும் ஆச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘காய்ச்சல் மாறிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு ஆச்சி எழும்பவே இல்லை’ என்று நாம் சொல்லும் கதைகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

தசை குறைந்தவர் தடுக்கி விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். முறிந்தால் நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். காற்றுக் காலமாயின் படகும் ஐயத்துக்கிடமாகும். ஆகவே தீவிலே வாழும் முதியவருக்கு ஒரு கிலோ தசையின் பெறுமதி நகரத்திலே வாழ்பவருக்கு உள்ளதிலும் அதிகம்.

இன்னொரு செய்தியையும் மறவாதிருத்தல் வேண்டும். பருத்த உடலினர்க்கும் இந்தத் தசை வறுமை வரலாம். வெளியே கொழுப்பு மூடியிருப்பதால் உள்ளே தசை கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறார்’ என்று ஏமாந்துவிடலாகாது.

பசி எங்கே போயிற்று?

மூப்பிலே பசி குறைவதை ஒரு தனி நிலையாகவே கொண்டு, 1988ஆம் ஆண்டில் டாக்டர் ஜோன் மோர்லியும் அவர் துணைவரும் ஆராய்ந்து எழுதினர். வயது ஏற ஏற மூக்கு மணத்தை அறிவது குறைகிறது. மணம் குறைந்தால் சுவையும் குறைகிறது. ‘கறியில் உப்பில்லை’ என்று ஆச்சி குறை சொல்வது மருமகளின் குற்றத்தால் அன்று! இரைப்பை முன்போல நெகிழ்ந்து கொடுப்பதில்லை. நாலு பிடி சோற்றிலேயே வயிறு நிறைந்த உணர்ச்சி வந்துவிடுகிறது. பல் போனபின் இறைச்சியையும் பயற்றையும் கைவிட்டு, தேநீரில் தோய்த்த பாணுக்கும் விசுக்கோத்துக்கும் முதியவர் மாறிவிடுகிறார். தாகமும் மந்தமாகிவிடுகிறது. தீவகத்திலே பல கிணறுகளின் நீர் உவர், நன்னீர் அருமை. ஆகவே தாகமும் இல்லை, நீரும் இல்லை என்றாகி, மலச்சிக்கல் ஏற்பட்டு, அதனாலும் பசி கெடுகிறது.

இவை இயற்கையின் பகுதிகள். ஆனால் இவற்றின் மறைவிலே நோய்களும் பதுங்கி இருக்கலாம். புற்றுநோய், காசம், அடங்காத நீரிழிவு, தைரோயிட் சுரப்பியின் மிகை, இதய நோய் ஆகியவை நிறையைக் குறைக்கும். சில மருந்துகளும் பசியைக் கெடுக்கும். நீரிழிவுக்குப் பலர் உட்கொள்ளும் மெற்போமின் சிலருக்கு வாயைக் கசக்கச் செய்து வயிற்றைப் புரட்டும். எல்லாவற்றிலும் மேலாக மனச்சோர்வு. கணவரை இழந்தபின், பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின், ‘எனக்கென்ன, இருந்தென்ன’ என்று பேசத் தொடங்கும் தாயின் பசியின்மை தேற்றி ஆற்ற வேண்டிய ஒரு நோயே. எனவே காரணமின்றி நிறை குறைந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். உணவுப் புத்திமதி அதன் பின்புதான்.

இருபது வருஷத்துக்கு முந்திய புத்திமதி

நமது வீடுகளில் நடக்கும் ஒரு பெரும் பிழையை இங்கே கூறியாக வேண்டும். ஐம்பத்தைந்து வயதிலே 70 கிலோ நிறையுடன், இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் கண்டபோது, ‘சோற்றைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், முட்டை மஞ்சளைக் குறையுங்கள்’ என்று வைத்தியர் ஒருவர் சொன்னார். அன்றைக்கு அது நல்ல புத்திமதி. இன்று அந்த அம்மாவுக்கு வயது 77. நிறை 44 கிலோ. ஆனால் அந்தப் பழைய கட்டளை மட்டும் இன்னும் அமுலில் இருக்கிறது! முட்டை கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, சோறு கூடாது, மீன் பொரியல் கூடாது. கூடாதவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறுந்தேநீரும் இரண்டு துண்டுப் பாணுந்தான். பிள்ளைகளோ அன்பின் மிகுதியால் தொலைபேசியிலே ‘அம்மா, கொலஸ்திரோல் கவனம்’ என்று மேலும் அச்சுறுத்துகிறார்கள்.

நிறையை மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்து வரும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆசிய இளைஞர்க்கும் நடுவயதினர்க்கும் இது 23ஐத் தாண்டினாற் கவனம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004ஆம் ஆண்டிற் கூறிய கருத்து. ஆனால் முதியவர் நிலை வேறு. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில், 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 2 இலட்சம் பேரைப் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, சுட்டி 23இலும் கீழே இறங்க இறங்க மரண அபாயம் ஏறுவதைக் கண்டார்கள். அவ்வாய்வுகள் பெரும்பாலும் மேனாட்டு மக்களைப் பற்றியவை. நம்மவர்க்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஆதலால் முதுமையில் வேண்டுமென்றே பருக்கலாம் என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. ஆயினும் ஒன்று தெளிவு. முதியவரின் சிறிது சதைப்பற்று அவருக்குப் பகையன்று. நோய் வந்தபோது எடுத்துச் செலவிடும் சேமிப்பு அது.

2019ஆம் ஆண்டின் அளவுகோல், 70 வயதைக் கடந்த ஆசியர்க்குச் சுட்டி 20இலும் குறைந்தால் அதைப் போஷாக்குக் குறைவின் அறிகுறியாகக் கொள்கிறது. 150 சதமமீற்றர் உயரமுள்ள ஓர் அம்மாவுக்கு 45 கிலோ நிறை இருந்தாற் சுட்டி சரியாக 20. அதற்குக் கீழே இறங்கினால், பழைய உணவுக் கட்டுப்பாடுகளை இன்னமும் காப்பதா என்று வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதும் கூடாது. இருபது வருஷத்துக்கு முந்திய புத்திமதியைக் கேளாமலே காப்பதும் கூடாது.

ஒரு வயிற்றுக்கு உலை வைப்பதா?

இனித் தீவகத்துக்கே சிறப்பாக உரிய காரணத்துக்கு வருவோம். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் யுத்தத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கொழும்புக்கும், பின்பு கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றவர் பலர். திரும்பி வந்தவர்களிலும் ஊரைவிட்டு அசையாதிருந்தவர்களிலும் முதியோர் பலர். பெரிய நாற்சார் வீடு. அதன் ஒரு மூலையில் ஒரு முதியவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடுகளும் உண்டு. மாதந் தவறாமல் வங்கிக்குப் பணம் வருகிறது. ஆயினும் அடுப்பு எரிவதில்லை.

“ஒரு வயித்துக்கு ஏன் ராசா உலை வைப்பான்?”

இந்த வாசகத்தில் அடங்கிய துயரத்தை விஞ்ஞானமும் அறிந்திருக்கிறது. மக்கள் தனியே உண்பதிலும் பிறரோடு கூடி உண்ணும்போது ஏறக்குறைய 44 வீதம் அதிகமாக உண்கின்றனர் என்று 1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் பேச்சுத்துணையும் ஒரு கறிதான்! பத்துப் பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு, தனக்கென்று மட்டும் ஒரு சுண்டரிசி போட மனம் வராது. காலையிற் தேநீரும் பாணும், மத்தியானம் சிறிது சோறும் ஒரு கறியும் சொதியும், பின்னேரம் விசுக்கோத்து, இரவு மீண்டும் பாண் என்று நாள் கழிகிறது.

இந்த உணவை ஒரு மதிப்பாகக் கணக்கிட்டாற் புரதம் 25 கிராமைத் தாண்டுவது அரிது. தேவை எவ்வளவு? முதியவர்களின் புரதத் தேவையை ஆராய்ந்த நிபுணர் குழுவொன்று 2013ஆம் ஆண்டிற் கூறியது, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பதாகும். 50 கிலோ நிறையுள்ளவர்க்கு 50 முதல் 60 கிராம். பாதிக்குப் பாதி குறைகிறது! வயிறு நிறைகிறது, உடல் பட்டினி கிடக்கிறது.

தகரத்தில் அன்று, வளவில் இருக்கிறது

இந்தக் குறையை நிரப்பப் பாரிசிலிருந்து தகரம் வர வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கோப்பைப் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு. உள்ளங்கையளவு மீன் துண்டில் 15 கிராம். அவித்த பயறு அரைக்கோப்பையில் 7 கிராம். இந்நான்கையும் மேற்சொன்ன உணவோடு சேர்த்துவிட்டால் 60 கிராம் வந்துவிடுகிறது. கோழியும் ஆடும் மாடும் வளரும் ஊர், நாற்புறமும் மீன் நிறைந்த கடல். இங்கே புரதப் பஞ்சம் என்பது கரையில் நின்று தாகத்தால் வாடுவது போன்றது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

சூடை, கீரி போன்ற சிறு மீனை முள்ளோடு மெத்தென்று அவித்துண்டால் கல்சியமும் சேரும். எள்ளும் குரக்கனும் கல்சியம் மிகுந்தவை. வேலியோர முருங்கையின் இலை, பல்லில்லாதவரும் உண்ணக்கூடிய சிறந்த கீரை. உழுத்தங்களியை நமது முன்னோர் பூப்பெய்திய பெண்ணுக்குச் சிறப்பாக உரியதென்று வைத்தார்கள். நல்லெண்ணெயும் பனங்கட்டியும் சேர்ந்த அந்தக் களி மெலிந்த ஆச்சிக்கும் பொருந்தும். நீரிழிவுள்ளவர் பனங்கட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். கருவாட்டில் புரதம் உண்டு. ஆனால் உப்பும் உண்டு. நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிச் சமைப்பதே இரத்த அழுத்தமுள்ளவர்க்கு ஏற்றது. காற்றுக் காலத்திற் படகு ஓடாது, மரக்கறி வராது என்று அறிந்திருக்கிறோம். ஆகவே பயறும் உளுந்தும் எள்ளும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

வயிறு சுருங்கியவர்க்குப் பெரிய கோப்பையிற் சிறிய சத்து வேண்டாம்; சிறிய கோப்பையிற் பெரிய சத்து வேண்டும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள். கஞ்சியை வெறும் நீராகக் காய்ச்சாமல், பாலும் பயறும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் சேருங்கள். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். அது வயிற்றையும் நிரப்பும், இரும்புச்சத்தையும் உடலிற் சேரவிடாது.

சைவ உணவினரான முதியோர்க்கு ஒரு சொல். விற்றமின் பி-12 என்பது மரக்கறியிற் கிடைப்பதில்லை. பால், முட்டை, மீன், இறைச்சியிலேயே உண்டு. மூப்பில் இரைப்பையின் அமிலம் குறைவதால் உண்டதும் முழுதாகச் சேர்வதில்லை. மெற்போமினும் அதனைக் குறைக்கும். பாதம் விறைத்தலும் நினைவு மங்குதலும் அதன் குறைவின் அறிகுறிகளாகலாம். அவர்கள் பாலையும் தயிரையும் கைவிடலாகாது; வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்கலாம்.

விரதத்தை விடுமாறு நாம் கூறவில்லை. வெள்ளியும் கந்தசஷ்டியும் கேதார கௌரியும் நமது தாய்மாரின் உயிரோடு கலந்தவை. ஆயினும் நீரிழிவு மருந்து எடுப்பவரும், ஏற்கெனவே மெலிந்தவரும் வெறுவயிற்றோடு கிடப்பது ஆபத்து. பாலும் பழமும் உண்டு விரதம் காப்பது நமது மரபிலேயே உள்ளதுதான். இறைவன் எலும்பின் எண்ணிக்கையையா கேட்கிறான்?

கூழ்ப்பானை கற்பிக்கும் பாடம்

ஒடியற் கூழை அறியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்தே. ஆனால் அந்தப் பானைக்குள்ளே மீனும் நண்டும் இறாலும் விழுகின்றன. பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் சேருகின்றன. புரதம் வந்துவிட்டது, கீரை வந்துவிட்டது. பல்லில்லாதவரும் குடிக்கலாம். புளியும் மிளகாயும் மங்கிய நாவைத் தட்டி எழுப்பும். இவற்றினும் பெரிய விசேஷம் ஒன்று உண்டு. யாரும் தமக்கென்று மட்டும் கூழ் காய்ச்சுவதில்லை! முற்றத்தில் உறவும் அயலும் சுற்றியிருந்து, பனையோலைப் பிளாவில் வார்த்து வார்த்துக் குடிப்பதே கூழின் இலக்கணம். மென்மை, புரதம், சுவை, துணை என்று முதியவரின் பசியின்மைக்கு வேண்டிய நான்கு மருந்தையும் ஒரே பானைக்குள் வைத்தார்கள் நம் முன்னோர்.

நாள்தோறும் கூழ் காய்ச்ச இயலாது. ஆயினும் அதன் இலக்கணத்தை நாள்தோறும் கைக்கொள்ளலாம். அயலிலே தனித்திருக்கும் மூன்று முதியவர்கள் முறைவைத்து ஒரே அடுப்பிற் சமைத்து ஒன்றாக உண்ணட்டும். முதியோர் சங்கம் உள்ள ஊர்களில் கூட்டத்துக்குத் தேநீரும் விசுக்கோத்தும் போதும் என்று எண்ணாமல், பயறும் முட்டையும் கொடுக்கட்டும்.

உணவோடு அசைவு

சத்துமாத் தகரத்தை மட்டும் நம்புவோர்க்கு 1994ஆம் ஆண்டின் ஆய்வொன்று நல்ல விடை தருகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரை டாக்டர் மரியா ஃபியற்றறோனும் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் சராசரி வயது 87! சிலர்க்குச் சத்துப்பானம் மட்டும் கொடுத்தார்கள்; சிலர்க்குக் காலுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள்; சிலர்க்கு இரண்டும். பத்து வாரம் சென்றபின் பயிற்சி செய்தவரின் தசைவலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்க்குப் பயனேதும் தெரியவில்லை. ஆகவே உணவு செங்கல். அசைவே அதைச் சுவராக எழுப்பும் கொத்தன். கதிரையிலிருந்து கை ஊன்றாமற் பத்து முறை எழுந்து இருத்தல், கோயில் வீதியைச் சுற்றி நடத்தல், தோட்டத்திற் சிறு வேலை செய்தல் ஆகியவையே போதும். ‘நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்’ என்று எல்லா வேலையையும் பறித்துக்கொள்வதும் ஒருவகையில் தசையைப் பறிப்பதே.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இப்பகுதியை வாசிக்கும் மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒவ்வொரு பூரணை நாளும் பள்ளிக்கூட விடுமுறை அல்லவா? அன்று உங்கள் ஆச்சியையும் அப்புவையும், அயலிலே பார்ப்பாரின்றி இருப்பவரையும் நாடிச் செல்லுங்கள். ஒரு கொப்பியும், தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவும் போதும்.

முதலாவது, நிறை. வீட்டில் தராசு இல்லையேல் ஊர் வைத்தியசாலையிலோ சுகாதாரப் பணிமனையிலோ நிறுக்கலாம். ஒரே தராசில், இலேசான உடையோடு நிறுத்துக் குறித்துவையுங்கள். இரண்டாவது, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு. 1990களிலிருந்து உலகெங்கும் பயன்படும் ஒரு முதியோர் போஷாக்குப் பரிசோதனையில், நிறுக்க இயலாதவர்க்கு இந்த அளவையே கொள்கிறார்கள். 31 சதமமீற்றரிலும் குறைந்தாற் கவலைக்குரியது. மூன்றாவது, கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்க எடுக்கும் நேரம். அருகே நின்று பிடித்துக்கொள்ளத் தயாராயிருங்கள். 12 விநாடிகள் அல்லது அதற்கு மேற் சென்றால், கால்வலு குறைந்திருக்கலாம் என்கின்றனர் ஆசிய நிபுணர்கள். நான்காவது, நேற்று என்ன சாப்பிட்டார், யாருடன் சாப்பிட்டார் என்று கேட்டெழுதுங்கள்.

நாலைந்து பூரணைக்குள் அந்தக் கொப்பி பேசத் தொடங்கிவிடும். எண்கள் இறங்கினால் கொப்பியோடு வைத்தியரிடம் செல்லுங்கள். ‘கொஞ்சம் மெலிஞ்சிருக்கிறா’ என்ற சொல்லை அலட்சியம் செய்யலாம்; ஆறு மாத எண்களை எந்த வைத்தியரும் அலட்சியம் செய்யமாட்டார்.

கடல் கடந்து வாழும் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். காணொளி அழைப்பிலே தாயின் முகம் மட்டுந்தான் தெரிகிறது.  ‘சாப்பிட்டனீங்களோ?’ என்று கேட்டால் ‘ஓம், சாப்பிட்டனான்’ என்பதே எந்தத் தாயும் சொல்லும் விடை. ‘என்ன கறி? ஆரோடை இருந்து சாப்பிட்டனீங்கள்?’ என்று கேளுங்கள். தகரம் அனுப்பும் பணத்திலே, அயலிலுள்ள ஒருவர் வந்து சமைத்துக் கூட இருந்து உண்ணுவதற்கு ஒழுங்கு செய்யுங்கள்.

முதற் பிடி

மணிமேகலைக் காப்பியத்திலே வரும் மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து, மாறுபடுவோரும் உண்டு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருவோர்க்கு அன்னமிடும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்ற பெயரே வழங்குகிறது. குருடரும் முடவரும் நோயாளரும் கவனிப்பாரற்றவரும் ஆகியோர்க்கெல்லாம் ஆபுத்திரன் உணவிட்ட பாத்திரம் அது. வைகாசிப் பூரணையன்று மணிபல்லவத்துப் பொய்கையிலிருந்து மேலெழுந்து மணிமேகலையின் கைக்கு வந்தது. ஆயினும் கைக்கு வந்த உடனே அது ஊறவில்லை. ஆதிரை என்னும் நல்லாள் முதற் பிச்சையை இட்ட பின்னரே அள்ள அள்ளக் குறையாததாயிற்று.

கடல் நிறைய மீன் இருக்கிறது. வேலி நிறைய முருங்கை இருக்கிறது. வங்கியிற் பணமும் இருக்கலாம். ஆனால் தனித்த வீட்டில் அடுப்பு எரிய, யாராவது ஒருவர் சென்று முதற் பிடி அரிசியை உலையில் இட வேண்டும். அடுத்த பூரணைக்கு நீங்கள் அந்தப் படலையைத் திறக்கும்போது, ‘வயசு போனால் மெலியத்தானே வேணும்’ என்று ஆச்சி சொல்லக்கூடும். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அருகே ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து, “எனக்கும் பசிக்குது ஆச்சி, இரண்டு பேரும் சாப்பிடுவம்” என்று சொல்லுங்கள்.